பதின்மூன்றா, பதினைந்தா?
லொறெற்றா லின்னின் கதையும் வரலாற்றுண்மையும்

மக்கள் மத்தியிலிருந்து தோன்றிய கலைஞரைப் பற்றி எழுதப் புகும் முற்போக்கு எழுத்தாளன் தனிப்பட்டதொரு பொறுப்பை ஏற்கிறான். செல்வர் வீட்டுக் கலைஞருக்கு வரலாறு எழுதுவது எளிது. கடிதங்கள், நாட்குறிப்புகள், நூலகச் சேர்க்கைகள் முதலியன அவருக்கு முன்பே காத்துக் கிடக்கின்றன. சுரங்கத் தொழிலாளியின் மகளுக்கோ அவளது வாய்மொழியும், அவளை வைத்து வியாபாரம் செய்வோரின் விளம்பரமுமே பெரும்பாலும் எஞ்சுகின்றன. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் ஏற்றுக்கொள்வோமாயின் நாம் எழுதுவது மக்கள் கலையின் வரலாறாகாது. விளம்பரத்தின் மறுபதிப்பாகவே அது முடியும்.

இக்கருத்தை விளக்குவதற்கு அமெரிக்கப் பாடகி லொறெற்றா லின்னின் வாழ்க்கையைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது. அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் அப்பலாச்சிய மலைப்பகுதியிலும் வாழ்ந்த ஏழை வெள்ளையரின் பாடல் மரபிலிருந்து தோன்றி, நாஷ்வில் நகரை நடுவாகக் கொண்டு பெருந்தொழிலாக வளர்ந்தது ‘கன்ட்ரி’ இசை. அவ்விசையில் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடி, 2022 ஒக்ரோபர் 4ஆம் திகதி, தமது 90ஆவது வயதில் மறைந்தவர் லின். கென்ரக்கி மாநிலத்தில் ஜோன்சன் மாவட்டத்தில் வான் லியர் என்னும் சுரங்க ஊருக்கு அண்மையிலுள்ள புச்சர் ஹொலோ அவரது பிறப்பிடம். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் எட்டுப் பிள்ளைகளில் அவர் இரண்டாமவர். 1970இல் வெளிவந்த ‘கோல் மைனர்ஸ் டோட்டர்’ (நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகள்) என்னும் பாடல் அவரது புகழை நிலைநாட்டியது. 1976இல் அதே பெயரில் அவரது சுயசரிதை வெளியாயிற்று. 1980இல் அதே பெயரில் திரைப்படமும் வந்தது. அப்படத்தில் லின்னாக நடித்த சிசி ஸ்பேசெக் ஒஸ்கார் பரிசு பெற்றார்.

பாடல், நூல், படம் ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு பெருங்கதையை உருவாக்கின. அக்கதையின் நடுத்தூணாய் நின்றது ஓர் எண். லின் 13 வயதிலே மணம் முடித்து வைக்கப்பட்டவர் என்பதே அது. மலைநாட்டு வறுமைக்கு அது சான்று என்றார் சிலர். பெண்ணடிமைக்குச் சான்று என்றார் வேறு சிலர். எவ்வாறாயினும் எல்லோரும் அதனைச் சொன்னார்கள்.

2012ஆம் ஆண்டு மே மாதத்தில் அசோஷியேற்றட் பிரஸ் செய்தி நிறுவனம் கென்ரக்கி மாநிலத்துப் பதிவேடுகளைப் பார்த்து உண்மையை வெளியிட்டது. லின் பிறந்தது 1932 ஏப்ரல் 14. அவரது திருமணம் நடந்தது 1948 ஜனவரி 10. அன்று அவருக்கு வயது ஏறத்தாழப் பதினைந்தே முக்கால். அவரை மணந்த ஒலிவர் லின்னுக்கு வயது 21.

இவ்விடத்தில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. பதிவேட்டைத் தேடிச் செல்லாமலே இக்கதையில் ஐயம் கொள்ள இடமிருந்தது. பல நூல்கள் லின்னின் பிறந்த ஆண்டு 1935 என்று கூறி வந்தன. அவ்வாண்டையும் 1948 ஜனவரித் திருமணத்தையும் அருகருகே வைத்துக் கழித்துப் பார்த்தால் மணமகளின் வயது 12 ஆகிறது, 13 ஆகாது. கதையின் உறுப்புகளே ஒன்றோடொன்று பொருந்தவில்லை. இதனைக் காண்பதற்குத் தொடக்கப் பள்ளிக் கணிதமே போதுமானது. இன்னுமொன்று: தமது சுயசரிதையிலேயே லின் தாம் பிறந்த ஆண்டைச் சொல்ல மறுத்திருக்கிறார். பாடிப் பிழைக்கும் பெண் தாம் என்றும், வயதைக் கூறினால் கேட்போர் அவ்வயதைக்கொண்டு தமது தோற்றத்தை அளப்பார்கள் என்றும் அதற்குக் காரணமும் கூறுகிறார். ஆண்டுக் கணக்கு மறைக்கப்படுகிறது என்று நூலே வாசகனுக்கு அறிவித்திருக்கையில், அந்நூலில் வரும் ஒரு வயதை மட்டும் கல்லிற் பொறித்த எழுத்தாகக் கொண்டது வாசித்தவர்களின் குற்றமாகும்.

இனி, இம்மூன்று ஆண்டுகளை மறைத்தது ஏன் என்ற வினா எழுகிறது. பாடகி பொய் சொன்னார் என்று கூறி மகிழ்வோர் உளர். அவர்களது மகிழ்ச்சியில் நாம் பங்குகொள்ள இயலாது. லின்னின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது 1960இல். அப்போது அவருக்கு வயது 28ஐ எட்டிக்கொண்டிருந்தது. நான்கு பிள்ளைகளின் தாயாகவும் இருந்தார். பெண்ணின் குரலோடு அவளது இளமையையும் சேர்த்து விலைகூறும் தொழில் அது. அதனுள் காலங்கடந்து நுழைந்த ஏழைப்பெண் மூன்று ஆண்டுகளைக் குறைத்துக் கொண்டாரெனில், முதலில் விசாரிக்கப்பட வேண்டியது அத்தொழிலின் நியதியே. பிறந்த ஆண்டைப் பின்னுக்குத் தள்ளியவுடன் மணமான வயது தானாகவே கீழிறங்குகிறது. சிறுமி மணம் என்ற ‘அதிசயம்’, இளமையைக் காட்ட வேண்டியிருந்த நிர்ப்பந்தத்தின் துணைவிளைவாய்ப் பிறந்தது என்று கருதுவதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

ஆனால் காரணத்தை விளங்கிக்கொள்வது வேறு. பிழையை நிலைக்க விடுவது வேறு. அந்த எண்ணில் என்ன இருக்கிறது, பதின்மூன்றாயினென்ன பதினைந்தாயினென்ன, வறுமை வறுமைதானே என்று கேட்பவர்கள் நம்மவர்களிலும் இருக்கிறார்கள். கதை நமது கட்சிக்குச் சாதகமாயிருப்பதால் அதனைத் துருவ வேண்டாம் என்பதே இவ்வாதத்தின் உட்பொருள். இதனை நாம் முற்றாக மறுக்கிறோம்.

எண் மாறும்போது பொருளும் மாறுகிறது. பதின்மூன்று வயதில் மணம் என்பது கேட்போரை வியக்க வைக்கும் செய்தி. நகரத்து வாசகன், மலையிலே வாழும் விசித்திர மனிதர்களின் விசித்திர வழக்கம் என்று எண்ணித் தலையசைத்துவிட்டு அப்பாற் செல்வான். பதினைந்து வயது மணமோ அத்தகைய விசித்திரம் அன்று. அதற்கு மாநில அரசாங்கத்தின் அனுமதிப் பத்திரம் உண்டு. அதாவது, பாடகியின் கூற்றைத் திருத்தும் அதே பத்திரம் அரசாங்கத்தின் மீதும் சாட்சி சொல்கிறது. வளர்ந்த ஓர் ஆணுக்கும் பதினைந்து வயதுப் பெண்ணுக்கும் நடந்த மணத்தைச் சட்டம் ஏற்று, பதிந்து, பேழையிற் பூட்டி வைத்திருந்தது. கென்ரக்கி மாநிலம் 17 வயதிற்குட்பட்டோர் மணத்தைத் தடைசெய்யும் சட்டத்தை இயற்றியது 2018ஆம் ஆண்டிலேதான். லின்னின் திருமணத்திற்கு எழுபது ஆண்டுகள் கழித்து. கட்டுக்கதை ஒரு குடும்பத்தின் மீதும் ஒரு மலைச்சாதியின் மீதும் விரலை நீட்டுகிறது. உண்மை, சட்டத்தின் மீதும் சமுதாயத்தின் மீதும் நீட்டுகிறது. இவ்விரண்டில் முற்போக்காளனுக்கு வேண்டியது எது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வயதைப் பற்றிய பிழை போலவே பாடல்களின் ஆசிரியர் பற்றிய பிழையும் பரவலாயிருக்கிறது. லின் தமது வாழ்க்கையையே பாட்டாக்கினார் என்பது வழக்கமான புகழுரை. இதிற் பெரும்பகுதி உண்மை. கணவனின் குடியைக் கண்டிக்கும் பாடலைத் தம் சகோதரியுடன் சேர்ந்து அவரே எழுதினார். 1966இல் வெளிவந்த ‘டியர் அங்கிள் சாம்’ என்ற பாடல் வியற்நாம் போருக்குக் கணவனை அனுப்பிய மனைவியின் துயரத்தைச் சொல்வது. அதுவும் அவர் எழுதியதே. மணமுறிவு பெற்ற பெண்ணைச் சமுதாயம் எவ்வாறு நோக்குகிறது என்பதைச் சொல்லும் ‘றேற்றட் எக்ஸ்’ என்ற 1972ஆம் ஆண்டுப் பாடலும் அவருடையதே.

எனினும், கட்டுரையாளர்கள் பெரிதும் எடுத்துக்காட்டும் ‘த பில்’ என்னும் கருத்தடை மாத்திரை பற்றிய பாடல் அவர் எழுதியதன்று. லொறீன் அலன், டொன் மக்ஹான், ரி. டி. பேலெஸ் ஆகிய மூவர் அதன் ஆசிரியர்கள். பிள்ளைகளாலும் வீட்டு வேலைகளாலும் சூழப்பட்ட இல்லத்தரசியின் அலுப்பைச் சொல்லும் ‘வன்ஸ் ஒன் த வே’ பாடலை எழுதியவர் ஷெல் சில்வர்ஸ்ரைன் என்னும் ஆடவர். இவற்றை லின்னின் சொந்த வாக்குமூலங்களாகக் கொண்டு அவரது உள்ளத்தை ஆராய்ந்த கட்டுரைகள், பிறர் எழுத்தில் அவர் கையொப்பத்தைத் தேடியவையாகும்.

பாட்டில் வரும் ‘நான்’ பாடுபவரது ‘நான்’ ஆகவேண்டும் என்ற நியதியில்லை. இது லின்னுக்கு முன்பே கன்ட்ரி இசையில் நிலைபெற்ற உண்மை. தனிப் பாடகியாக அவ்விசையின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தை முதன்முதலில் எட்டியவர் கிற்றி வெல்ஸ், ஆண்டு 1952. வழிதவறிய பெண்களுக்குக் காரணம் ஆண்களே என்று பெண்குரலில் வாதாடிய அப்பாடலை எழுதியவரும் ஜே. டி. மில்லர் என்ற ஆடவரே. ஆகவே, பெண்ணின் குரலில் பேசிய முதற் பாடகி லின் என்று கூறுவதும் வரலாற்றுக்கு ஒவ்வாது. அவர் முதல்வரல்லர் என்பதால் அவரது இடம் தாழ்ந்துவிடுமா? தாழாது. வெல்ஸ் திறந்த வாயிலின் வழியே, சொந்தப் பாட்டுகளோடு நுழைந்து, 1972இல் கன்ட்ரி இசைச் சங்கத்தின் ‘ஆண்டின் சிறந்த கலைஞர்’ விருதைப் பெற்ற முதற் பெண் அவர். இது பதிவிலுள்ள உண்மை. மிகைப்படுத்தல் எதுவும் இதற்குத் தேவையில்லை.

‘த பில்’ பாடலை எழுதாவிட்டாலும் அதனைப் பாடத் துணிந்தவர் லின் என்பதே அவரது உண்மையான பெருமை. கருத்தடை மாத்திரைக்கு அமெரிக்க அரசாங்க அங்கீகாரம் கிடைத்தது 1960இல். லின் இப்பாடலை 1972இல் பதிவு செய்தார். இசைத்தட்டுக் கம்பனி அதனை 1975 வரை வெளியிடவில்லை. வெளியிட்டபோது பல வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. அவ்வாறிருந்தும் அது கன்ட்ரி பட்டியலில் ஐந்தாம் இடத்தை எட்டியது. எழுதியவர்கள் பெயரை எவரும் அறியார்; ஆனால் ஒலிபரப்புத் தடையைத் தன் தொழிலின் மீது தாங்கியவர் பாடியவரே. ஆசிரியர் யார் என்பதைத் திருத்திச் சொல்லும்போது பாடகியின் துணிவு குறையவில்லை. எங்கே இருந்தது என்பது தெளிவாகிறது.

கட்டுக்கதையின் மற்றொரு கூறு, வறுமையிலிருந்து செல்வத்துக்கு ஏறிய ஏணி பற்றியது. கணவர் 17 டொலருக்கு ஒரு கிற்றார் வாங்கிக் கொடுத்தார், மனைவி தானாகவே பழகினார், பாடினார், இசைத்தட்டு வந்தது, இருவரும் காரில் ஏறி ஊரூராக வானொலி நிலையங்களுக்குச் சென்று அதனைக் கொடுத்தனர், அது பட்டியலில் 14ஆம் இடத்தைப் பிடித்தது. இவை யாவும் நடந்தவையே. திரைப்படம் இவற்றை அழகாகக் காட்டுகிறது. ஆயின் கதை இங்கேயே நின்றுவிடுகிறது. உழைத்தால் எவரும் உயரலாம் என்ற அமெரிக்க முதலாளித்துவத்தின் பழைய பாடத்திற்கு இதற்கு மேல் தேவையில்லை.

தேவையற்றதென விடப்பட்டது ஒப்பந்தங்களின் கதை. நாஷ்வில் வந்து சேர்ந்த லின் வில்பேர்ன் சகோதரரின் ஆதரவில் வளர்ந்தார். அவர்களது பதிப்பு நிறுவனத்துடன் செய்துகொண்ட உடன்படிக்கைகளால் அவரது பாடல்களின் பதிப்புரிமை அந்நிறுவனத்தின் வசமாயிற்று. 1970களின் தொடக்கத்தில் அவர் அவர்களை விட்டு விலகினார், உரிமையை மீட்க நெடுங்காலம் வழக்காடினார், வெற்றி பெறவில்லை. எழுதும் ஒவ்வொரு பாட்டும் பிறர் பெட்டிக்குச் செல்லும் நிலையில், தம் திறன் உச்சத்திலிருந்த காலத்தில் அவர் பாட்டெழுதுவதைப் பெரும்பாலும் நிறுத்திக்கொண்டார். அவரது பிற்காலப் பாடல்களில் பிறர் எழுதியவை மிகுந்ததற்கு இதுவும் ஒரு காரணம். கற்பனை வற்றிவிட்டது என்று எழுதிய விமர்சகர் இவ்வொப்பந்தத்தைப் படித்திருந்தால் வேறுவிதமாக எழுதியிருப்பார். சுரங்கத்திலிருந்து தந்தை வெட்டியெடுத்த நிலக்கரி தந்தைக்கு உரியதாகவில்லை. அத்தந்தையைப் பற்றி மகள் எழுதிய பாட்டும் மகளுக்கு உரியதாகவில்லை. வறுமையிலிருந்து வெளியேறியவரையும் உற்பத்தி உறவு பின்தொடர்ந்தது என்ற செய்தி, பதின்மூன்று வயது மணக்கதையைக் காட்டிலும் எத்துணை ஆழமானது!

தந்தையின் கதையிலும் ஆவணங்களே வலிமை மிக்கவை. வான் லியர் கொன்சொலிடேஷன் நிலக்கரிக் கம்பனி அமைத்த ஊர். அத்தகைய ஊர்களில் வீடு கம்பனியினுடையது, கடையும் கம்பனியினுடையது, கூலியின் ஒரு பகுதி அக்கடையில் மட்டுமே செல்லுபடியாகும் கம்பனிச் சீட்டாகக் கொடுக்கப்பட்டது. நிலக்கரித் தூசினால் சுவாசப்பை கெட்ட நிலையில், 1959ஆம் ஆண்டு, மகளின் முதல் இசைத்தட்டைக் கேளாமலே தந்தை இறந்தார். அந்நோய்க்கு மத்திய அரசாங்க நட்டஈடு வழங்கும் சட்டம் வந்தது பத்தாண்டுகள் கழித்து, 1969 டிசம்பர் 30ஆம் திகதி. அதுவும் 1968இல் மேற்கு வேர்ஜினியாவின் பார்மிங்ரன் சுரங்கத்தில் 78 பேர் மாண்ட பின்னரே. அச்சட்டம் கையொப்பமாகிச் சரியாக ஓராண்டு நிறைந்த நாளில், 1970 டிசம்பர் 30இல், கென்ரக்கியின் ஹைடன் அருகே மற்றொரு சுரங்கம் வெடித்து 38 தொழிலாளர் இறந்தனர். ‘சுரங்கத் தொழிலாளியின் மகள்’ பாட்டு வெளியாகி அப்போது மூன்று மாதங்கூட நிறையவில்லை. இறந்தவர்களின் பிள்ளைகளுக்காக லூயிவில் நகரில் லின் உதவிநிதிக் கச்சேரி நடத்தினார். அவரது சுயசரிதையை உடனிருந்து எழுதிய ஜோர்ஜ் வெக்சி, அச்சுரங்க வட்டாரத்துச் செய்திகளை ‘நியூயோர்க் ரைம்ஸ்’ பத்திரிகைக்கு எழுதிவந்த நிருபர்.

இத்தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அப்பாடலே புதிய பொருள் கொள்கிறது. வறுமையிலும் அன்பு நிறைந்திருந்த குடிசையை நினைந்து பெருமைப்படும் பாடல் அது. கம்பனியைக் குறைகூறும் சொல் அதில் இல்லை. இது அதன் எல்லை; எல்லையை எல்லையென்று கூறுதல் விமர்சனத்தின் கடமை. ஆயினும் தொழிலாளியின் வீட்டை வெட்கமின்றிப் பெயர்சொல்லிப் பாடிய அக்குரல், சுரங்கங்கள் சாவுக்குழிகளாய் இருந்த அதே மாதங்களில் நாடெங்கும் ஒலித்தது என்பதும் உண்மை.

இறுதியாக ஒன்று. லின்னை முற்போக்கு அணியின் பாடகியாகக் காட்ட முனைவோரும் ஆவணங்களைப் பார்த்தல் நன்று. 1988இல் குடியரசுக் கட்சியின் ஜோர்ஜ் புஷ்ஷிற்காகப் பிரசார மேடைகளிற் பாடியவர் அவர். 2016இல் டொனால்ட் டிரம்பை வெளிப்படையாக ஆதரித்தவர். 2013இல் ஜனாதிபதி ஒபாமாவின் கையால் நாட்டின் உயர்ந்த குடிமக்கள் விருதைப் பெற்றவரும் அவரே. பெண்ணின் உடல்மீது பெண்ணுக்குள்ள உரிமையைப் பாடிய வாயும், தேர்தல் மேடையில் எதிரணியை வாழ்த்திய வாயும் ஒன்றே. இம்முரண்பாட்டை மறைப்பதால் எவருக்கும் பயனில்லை. உழைக்கும் மக்களின் அனுபவம் ஒரு கலைஞரின் பாட்டிலே எவ்வளவு தூரம் பேசுகிறது, எவ்விடத்தில் ஊமையாகிறது, பிற்போக்கு அரசியல் அவ்வனுபவத்தை எவ்வாறு தன்வசப்படுத்துகிறது என்பனவற்றை ஆராயவேண்டிய இடம் இந்த முரண்பாடுதான். அதனை மறைத்துவிட்டால் ஆராய்ச்சிக்குப் பொருளே இல்லாமற் போய்விடும்.

பதின்மூன்று என்பதைப் பதினைந்து என்று திருத்துவது சிறு காரியமாகத் தோன்றலாம். ஆனால் அத்திருத்தத்தைச் செய்ய மறுப்பவன், மக்கள் வாழ்க்கையின் உண்மை தன் வாதத்திற்குப் போதாது என்று ஒப்புக்கொள்கிறான். உழைப்பாளரின் வாழ்க்கையைச் சுவையூட்டி விற்பது வியாபாரியின் தேவை, நம்முடையதன்று. மாணவர்க்கு இலக்கியமும் வரலாறும் கற்பிப்போர், நமக்குப் பிடித்த கலைஞர்களின் கதைகளையே முதலில் பதிவேட்டோடு ஒப்புநோக்கும் பழக்கத்தை வகுப்பறைக்குக் கொண்டுவருதல் வேண்டும். பிடிக்காதவர்களைப் பற்றிய கதைகளை ஐயுறுவதற்கு எவருக்கும் பயிற்சி தேவையில்லை.